இருந்தால் எழும்பும்

அந்தப் பையைக் கீழே வைக்காதீங்க அண்ணாச்சி, தார் இன்னும் சுடுது. மடியில் வைத்துக்கொள்ளுங்க. வெடிதானே? மருந்து வாசனையே சொல்லுதே. பிள்ளைகளுக்கா? நல்லது, நல்லது.

டயர் மாற்ற எப்படியும் நேரமாகும். வேறு பஸ்ஸும் இந்தப் பக்கம் இப்போதைக்கு இல்லை. வாங்க, இந்தக் கல்லில் உட்காருவோம். "நான் அன்னைக்கே சொன்னேம்லா! ஸ்டெப்னி சப்பையா கெடக்குன்னு டிப்போவுல சொன்னேம்லா!" என்ன, டிரைவரைத் திரும்பிப் பார்க்கிறீங்க? அவர் அந்தப் பக்கம் பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது பேசியது நான்தான். முன்னே பாலத்தருகில் பஸ் சும்மா நின்று கிளம்பியதே, "விசில் அடிச்சது யாருய்யா?" என்று கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக முறைத்தாரே, அதுவும் நான்தான். காட்டிக்கொடுத்துவிடாதீங்க.

எனக்குப் பத்தொன்பது வயது. பெயர் பலவேசம். அப்படிக் கூப்பிட ஊரில் ஆள் கிடையாது, எல்லோருக்கும் நான் மைக் செட். பத்தொன்பது வயதில் இதுவரை ஒரு வெடிகூடப் போட்டதில்லை என்றால் நம்புவீங்களா? ஓலை வெடி இல்லை, ஊசி வெடி இல்லை, துப்பாக்கியில் வைத்து அடிக்கிற பொட்டு வெடிகூட இல்லை. சிவகாசி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்? அதுதான் வேடிக்கை.

அதோ அந்த விலக்கில் பலகை நிற்கிறதே, நாரைப்பத்து என்று, அதுதான் எங்கள் ஊர். உள்ளே போனால் முதலில் குளம், குளத்துக்குள்ளே நாட்டுக்கருவை மரங்கள், அதற்கப்புறம்தான் வீடுகள். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இறங்கி, இடம் பார்க்கும். பெண் பார்க்க வந்த மாதிரி கழுத்தை நீட்டி நீட்டி ஊரையே பார்க்கும். சரிதான் என்று பட்டால் மார்கழி, தையில் கூடு கட்டும். வைகாசி, ஆனியில் குஞ்சோடு கிளம்பும். அது வந்து இடம் பார்க்கிற அந்தச் சமயத்தில்தான் உங்கள் தீபாவளியும் வந்து தொலைக்கும்! அதனால் எங்கள் ஊரில் வெடி கிடையாது. எங்கள் அப்பா போட்டதில்லை, அவர் அப்பாவும் போட்டதில்லை. கல்யாணம் என்றால் வள்ளியூர் மண்டபம். கோயில் கொடைத் திருவிழாவைக் குஞ்சு பறந்த பிறகு ஆடியில்தான் வைப்போம். கரையில் பைக் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால்கூட, "ஏட்டி, மெதுவா ஏசுட்டி, குஞ்சு இருக்கு" என்பார் எங்கள் மாமா. அத்தையும் மெதுவாகத்தான் ஏசுவாள்.

இப்படிப்பட்ட ஊரில் நான் பிறந்தேன். வாயை மூடிக்கொண்டு பிறக்கவில்லை. சத்தமே இல்லாத ஊரில் சத்தத்துக்கு எவ்வளவு மவுசு தெரியுமா? நாலாம் வகுப்பில் எங்கள் டீச்சர் மாதிரியே பக்கத்து வகுப்பு ஜன்னலில் நின்று "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றேன். போய்விட்டார்கள்! அன்றைக்கு வாங்கின அடியில்தான் தொழில் சுத்தமானது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பள்ளிக்கூடத்துத் திண்டில் என்னை ஏற்றிவிட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்காரும். "அண்ணே, லட்சுமி வெடி!" டப்பு. "சரவெடி!" பட்டபட்டபட்டபட்ட. "அண்ணே, புஸ்வாணம்!" ஷ்ஷ்ஷ்ஷ். "அண்ணே, நமுத்துப்போன வெடி!" அதற்குத்தான் கைதட்டல் அதிகம். திரி மட்டும் எரியும், பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்தும், நான் கடைசியில் ஒன்றுமே செய்யாமல் நிற்பேன். விழுந்து விழுந்து சிரிக்கும். ஊரில் அது ஒன்றுதான் தீபாவளி. அது ஒன்றுதான் எனக்கு ஊர்.

எல்லார் குரலும் எனக்கு வரும் அண்ணாச்சி. நாரை மட்டும் வராது. அதற்குக் குரலே கிடையாது, தெரியுமா? அலகை அலகோடு தட்டும், அவ்வளவுதான். குரல் இருந்திருந்தால் கூட்டம் போட்ட அன்றைக்கு அது குரலில் நானே ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

கூட்டம் என்றால் காத்தாடிக் கூட்டம். இதோ நம் தலைக்கு மேலே வரிசையாகச் சுற்றுகிறதே, கரண்டு எடுக்கிற காற்றாலை, இதைப் போடுவதற்கு ஊரைக் கேட்டார்கள். கம்பெனி சார்பில் ரகுநாத் என்று ஒருத்தர், கோயம்புத்தூர்க்காரர். "ஏனுங்க பெரியவரே, கரி எரிக்கறதில்லைங்க. பொகை இல்லைங்க. தண்ணி வேண்டாமுங்க. வெறும் காத்துங்க! இங்க ஒரு காத்தாடி சுத்துச்சுன்னா அங்க ஒரு கரி வண்டி நிக்குமுங்க." எப்படி, அப்படியே இருக்கிறதா? அவர் பொய் சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கம் போயிருந்தால் தெரியும், காயப்போட்ட வேட்டியில் கரி படிகிற கதை. ஊரும் தலையை ஆட்டியது. எங்கள் ஊர்த் தலைவர் தங்கப்பழம் பெரியப்பா மட்டும் எழுந்து ஒரே கேள்விதான் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. சத்தம் வருமா?"

பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து ஊர் காத்தது சத்தம் ஒன்றைத்தான். வேறு எதைக் கேட்பார்?

அப்போது ஒரு மேடம் எழுந்தார்கள். பெயர் மெர்சி. பாளையங்கோட்டையில் காலேஜில் பாடம் நடத்துகிறவர்கள், வருஷா வருஷம் ஸ்கூட்டரில் வந்து கரையில் குத்தவைத்துப் பறவை பார்ப்பார்கள். மெலிந்த குரல், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கும். "ஐயா, சத்தம் பிரச்சினையே இல்ல. பாதைதான் பிரச்சினை. நாரை குளத்துலயிருந்து வயக்காட்டுக்கு இரை எடுக்கப் போற பாதையில நீங்க சுவர் எழுப்பறீங்க. கொஞ்சம் தள்ளி, மேற்கே போடுங்க. காத்தாடி வேண்டாம்னு நான் சொல்லல." மேற்கே காற்று கொஞ்சம் குறைவு, ரோடும் போட வேண்டும் என்று ரகுநாத் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். எனக்குக் கேட்டது. எனக்கு எல்லாமே கேட்கும்.

நான் சும்மா இருப்பேனா? பின்னாலிருந்து மேடம் குரலில், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, "ஐயா... வானத்துல... சிக்னல் வைங்க... நாரை... சிவப்பு விழுந்தா நிக்கும்" என்றேன். அன்றைக்கு ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சத்தம் போட்டுச் சிரிக்கக் கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தங்கப்பழம் பெரியப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரகுநாத் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். மேடம் உட்கார்ந்துவிட்டார்கள். சும்மா தமாஷ்தானே, அதற்கு அவர்கள் முகம் போன போக்கு! படித்தவர்களுக்குத் தமாஷ் பிடிக்காது.

சரி, கதைக்கு வருவோம். சத்தம் வருமா, வராதா? பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். இப்படி ஒரு யோசனை இந்த உலகத்தில் எங்கள் ஊரைத் தவிர வேறு எந்த ஊருக்கும் வராது. "மைக் செட்டைக் கூட்டிட்டுப் போவோம். காத்தாடி இருக்கிற இடத்துல அவன் நின்னு கேக்கட்டும். வந்து குளத்தங்கரையில அதே சத்தத்தப் போடட்டும். பறவ எழும்புச்சுன்னா காத்தாடி வேண்டாம். எழும்பலன்னா போட்டுக்கிடட்டும்."

ஊரே என்னைப் பார்த்தது அண்ணாச்சி. அதுவரை ஊர் என்னைப் பார்த்தால் சிரிக்கத்தான் பார்க்கும். அன்றைக்கு வேறு மாதிரிப் பார்த்தது.

பணகுடிப் பக்கம் ஒரு காத்தாடியின் அடியில் மதியம் முழுக்க மல்லாந்து படுத்துக் கேட்டேன். தூரத்தில் ஒரு மாதிரி, அடியில் ஒரு மாதிரி, காற்று கூடும்போது ஒரு மாதிரி. ஒன்றையும் விடவில்லை. மறுநாள் காலை கரையில் ஊரே செருப்பைக் கழற்றிவிட்டு எனக்குப் பின்னால் நின்றது. மாசி மாதம், கூட்டில் எல்லாம் குஞ்சு. மரமே தெரியாது, அத்தனை வெள்ளை. நான் வயிற்றிலிருந்து எடுத்தேன். ஊஷ்ஷ்ஷ்... ஊஷ்ஷ்ஷ்... ஊஷ்ஷ்ஷ்... நாரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. ஒரு கூழைக்கடா கொட்டாவி விட்டது. காற்றைக் கூட்டினேன். ஊஷ்! ஊஷ்! ஊஷ்! ஒன்றுகூட எழும்பவில்லை. தொண்டை வறளும் வரைக்கும் சுற்றினேன், ஒன்றுகூட எழும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து எவளோ ஒருத்தி கையிலிருந்த தூக்குவாளியைக் கல்லில் நழுவவிட்டாள். ணங்! அவ்வளவுதான். குளம் முழுக்க ஒரே நேரத்தில் எழும்பியது பாருங்க, வானம் வெள்ளையாகிவிட்டது. எங்கள் மேல் நிழல் விழுந்தது. றெக்கைக் காற்றில் என் சட்டை படபடத்தது. சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்லத் திரும்ப இறங்கியது. பெரியப்பா என் தோளில் கை வைத்தார். "தூக்குவாளிக்கு எழும்புது. உன் காத்தாடிக்கு எழும்பல. இதுக்கு மேல என்னல சாட்சி வேணும்?"

ஊர் சம்மதித்தது. மறு வருஷம் காத்தாடி வந்துவிட்டது. எனக்கு வேலையும் கொடுத்தார்கள்.

என்ன வேலை தெரியுமா? பறவை பார்க்கிற வேலை. சிரிக்காதீங்க, உண்மைதான். மேடம் எங்கெங்கோ எழுதிப்போட்டு, அதனால் வந்த விதி. கையில் வாக்கி டாக்கி. மேட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் காத்தாடி பக்கம் வந்தால், "ஏழு நிறுத்துங்க, எட்டு நிறுத்துங்க" என்று நம்பர் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் ரூமில் தினகரன் என்று ஒரு மதுரைக்காரர் பொத்தானை அமுக்குவார். காத்தாடி றெக்கை உடனே நின்றுவிடாது, தளர்ந்து தளர்ந்துதான் நிற்கும். முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வேலை நேரத்தில் பாதி நேரம் வானம் காலிதான். நான் என்ன செய்வேன்? வாக்கியில் ரகுநாத் குரலில், "ஏனுங்க தினகரன், வேலை நேரத்துல வடை திங்கறீங்களாமா?" என்பேன். அந்தப் பக்கம் நாற்காலி விழுகிற சத்தம் கேட்கும். "இல்ல சார்! டீ மட்டும்தான் சார்!" பிறகு கண்டுபிடித்து வண்டி வண்டியாகத் திட்டுவார். முதல் வருஷம் இப்படியே போனது. குஞ்சுகள் ஏதோ கொஞ்சம் அடிபட்டன. றெக்கையில் பாதி, கரண்டுக் கம்பியில் பாதி. கம்பெனி வந்து படம் எடுத்துக்கொண்டு போனது.

இந்த வருஷம் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆனி பிறந்ததும் பேய்க்காற்று. நான் "ஏழு நிறுத்துங்க" என்றால் தினகரன், "தம்பி, இருடா. வருஷத்துல நாலு மாசம்தான்டா காத்து. நீ நாரைக்கு நாரை நிப்பாட்டச் சொன்னா நான் மேல என்ன பதில் சொல்றது? ஊர்ல பாதி வீட்ல ஃபேன் சுத்தணும்ல?" என்பார். அதுவும் நியாயம்தான். ஆனால் அவர் நியாயம் பேசி முடிக்கிறதற்குள் நாரை வந்துவிடும். "ஐயோ, வந்துட்டு, வந்துட்டு" என்று கத்துவேன். "யாரு, மைக் செட்டா? விளையாடாதடா."

அதனால் குரலை மாற்றினேன். எங்கள் சைட் இன்ஜினியர் ஜெபின் சார், நாகர்கோவில்காரர். அவர் அதட்டினால் காத்தாடியே நடுங்கும். "தினகரா, ஏழ நிப்பாட்டு, கேட்டியா? மறுபேச்சு பேசப்பிடாது!" அடுத்த நொடி றெக்கை தளரும். அப்பா! என்ன ஒரு சுகம் அண்ணாச்சி அது. இந்த வாயால் அவ்வளவு பெரிய இரும்பு நிற்கிறது. நாரைக் கூட்டம் அதற்கு நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குள் நடந்து போகிற மாதிரிப் போகும். அடிக்கொரு தரம் நிறுத்தினேன். உண்மையைச் சொன்னால், சில நாள் நாரை வராதபோதும் நிறுத்தினேன். கை சும்மா இருக்குமா?

ஜெபின் சார்தான் கண்டுபிடித்தார். மேட்டுக்கு வந்தார். "லே பலவேசம், நான் அம்மையப் பாக்க ஊருக்குப் போன அன்னைக்கும் நான் ஏழ நிப்பாட்டச் சொன்னேனாம். நான் என்ன ரெண்டு பேராலே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துவிட்டார். என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அவர் ஒருத்தர்தான். நல்ல மனுஷன். போய்த் தினகரனிடம் அதைத் தமாஷாகச் சொல்லியிருக்கிறார், அதுதான் வினை. தினகரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால், "இனிமே எந்தக் குரல் சொன்னாலும் நான் ஏமாற மாட்டேன். எனக்கு எல்லாக் குரலும் மைக் செட்டுதான்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரத்துக்குள்ளேயே ஒரு காலை. குஞ்சுகள் எல்லாம் சேர்ந்து முதல் தடவையாக வயக்காட்டுக்குக் கிளம்பின. இந்த வருஷத்துக் குஞ்சு மொத்தமும் அதுதான். பெரியது முன்னால் வழி காட்டிப் போக, சிறுசுகள் காற்றில் தள்ளாடிக்கொண்டு பின்னால். நான் அன்றைக்கு மேற்குக் கோடியில் பன்னிரண்டாம் நம்பரில் நின்றேன். ஏழின் அடியில் நின்றது ஜெபின் சார். வாக்கியில் கேட்கிறது.

"தினகரா! ஏழ நிப்பாட்டு! எட்டையும் நிப்பாட்டு! வருதுலே, எல்லாம் வருது!"

தினகரன் சிரிக்கிறார். "டேய் மைக் செட்டு, இன்னைக்கு ரொம்ப நல்லா இருக்குடா. அழுகுற மாதிரியே இருக்கு."

"நான் ஜெபின்லே! பாவி, நான் ஜெபின்!"

"ஆமா, நான் ரகுநாத். ஏனுங்க, வடை வேணுமுங்களா?"

நான் பொத்தானை அமுக்கி என் சொந்தக் குரலில் கத்தினேன். "அண்ணே, அது நான் இல்ல! நான் பன்னெண்டுல நிக்கேன்! அது நெசமாவே சாரு!"

பிறகு தினகரன் சொன்னார்: "ஒரே நேரத்துல ரெண்டு குரலா? கில்லாடிடா நீ."

நாரைக்குக் குரல் கிடையாது என்று சொன்னேனே. அடிபட்டாலும் கத்தவில்லை. தூரத்தில் வெள்ளைத் துணி கிழிந்து கிழிந்து விழுகிற மாதிரி இருந்தது. சத்தம் வருமா என்று ஊர் கேட்டது இல்லையா? வரவில்லை. ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை.

இதில் என் தப்பு என்ன, நீங்களே சொல்லுங்க. என் குரல் சரியாக இருந்தது. சரியாக இருந்ததால்தானே நிசத்தைப் பொய் என்று நினைத்தார்? தினகரனை ஒருத்தரும் கேட்கவில்லை, அவர் இன்னும் அதே நாற்காலியில் வடை தின்கிறார். ஜெபின் சார் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அதையும் பிடித்து வைத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. என்னை மட்டும் வேலையை விட்டு எடுத்தார்கள். மெர்சி மேடம் வந்தார்கள், சாக்கில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்கள். நான் பக்கத்தில் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்கள். "எங்க தம்பி, இப்ப என்னை மாதிரிப் பேசு, கேப்போம்" என்றார்கள். வாயைத் திறந்தேன், வரவில்லை. அன்றைக்குத் தூசி, தொண்டை கட்டியிருந்தது.

அதைவிட ஊர் செய்ததுதான் அண்ணாச்சி எனக்கு ஆறவில்லை. ஐப்பசி பிறந்தது. மழை விழுந்தது. குளத்தில் தண்ணீர் இருக்கிறது, மீன் துள்ளுகிறது, மரமெல்லாம் பச்சையாக நிற்கிறது. ஒன்றுகூட வந்து இறங்கவில்லை. ஒரு கொக்குகூட இல்லை. வாய்க்கால் கெட்டுப்போச்சு என்கிறது கம்பெனி. பாதை கெட்டுப்போச்சு என்கிறார்கள் மேடம். ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? "மைக் செட் பய அன்னைக்குச் சத்தத்தக் கொறச்சுப் போட்டுட்டான். கம்பெனியில வேலைக்குப் பேசிட்டுப் போட்டிருக்கான்."

கேட்டீங்களா? என் சத்தத்தில் குறை! யாரிடம் வந்து யார் சொல்கிறது?

நேராகத் தங்கப்பழம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவரை வெளியே கூட்டிவந்து, "கண்ண மூடுங்க. அங்க நெசக் காத்தாடி சுத்துது, இங்க நான் சுத்துதேன். எது எதுன்னு சொல்லுங்க" என்றேன். மூடினார். ஊஷ்ஷ்ஷ்... ஊஷ்ஷ்ஷ்... ரொம்ப நேரம் கேட்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"சரியாத்தான்ல இருக்கு. அதான் வவுறு எரியுது."

பார்த்தீங்களா? அவரே ஒத்துக்கொண்டார். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஊர் முன்னால் வந்து சொல்லுங்க என்றால் சொல்ல மாட்டேன் என்கிறார். போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

போன வாரம் ஊர்க்கூட்டம். இளவட்டங்கள் எல்லாம் எழுந்து, "பறவதான் இல்லல்லா? இன்னும் எதுக்கு வாய மூடிக்கிட்டு இருக்கணும்? எங்க பிள்ளைகளாவது வெடி போடட்டும்" என்றார்கள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். கடைசியில், "சரி, போடுங்க" என்றார். முதல் வெடியை அவர்தான் கொளுத்த வேண்டும் என்று ஊர் முடிவு. இன்றைக்குப் பொழுது சாயும் முன்னால். ஆமாம், இன்றைக்குத்தான். நாளைத் தீபாவளி வரைக்கும் பொறுக்க முடியவில்லை அவர்களுக்கு. கரையில் பைக் வந்தால் இறங்கித் தள்ளச் சொன்ன மனுஷன் அண்ணாச்சி.

நேற்றுச் சாயங்காலம் பள்ளிக்கூடத்துத் திண்டில் போய் நின்றேன். வருஷா வருஷம் நிற்கிற இடம். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். பிள்ளைகள் பெட்டியைப் பிரித்து வெடியை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் வந்தது. எங்கள் அத்தை மகள் வயிற்றுப் பிள்ளை, ஒன்றாம் வகுப்பு. போன வருஷம் நமுத்துப்போன வெடிக்கு என் மடியில் விழுந்து சிரித்தது. "லட்சுமி வெடி வேணுமா தாயி?" என்றேன். "வேண்டாம். ஒங்க வெடி பொய் வெடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அதான் கிளம்பிவிட்டேன். திருப்பூருக்கு. பனியன் கம்பெனியில் இடம் இருக்கிறதாம். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவதுகூடக் கேட்காதாம். கேட்காமல் போகட்டும். கேட்டது வரைக்கும் போதும்.

என்ன, டயர் மாட்டியாச்சா? கண்டக்டர் கூப்பிடுகிறாரா? இல்லை, இந்தத் தடவை நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை. நீங்க ஏறுங்க, வாரேன். ஒரு நிமிஷம் அண்ணாச்சி, ஒரே ஒரு நிமிஷம் நில்லுங்க. கேளுங்க.

கேட்டுச்சா? உள்ளேயிருந்து. எங்கள் ஊர்தான்.

பெரியப்பா போட்டுவிட்டார்.

எவ்வளவு தூரம், நெஞ்சில் வந்து இடிக்கிறதே. இது வாயில் வராது. நான் இத்தனை வருஷம் போட்டதெல்லாம்... சரி, விடுங்க. வானத்தைப் பாருங்க. அந்தப் பனைக்கு வலது பக்கம், அதற்கு நேர் கீழேதான் குளம். ஒரு தூக்குவாளி விழுந்தால் எழும்பும் என்று சொன்னேனே. இப்போது விழுந்தது வெடி. ஒன்றிரண்டு இன்றைக்குக் காலையில் வந்து இறங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஊரில் எல்லாரும் வெடியில் மும்முரமாக இருந்திருப்பார்கள், பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தால் எழும்பும். கண்டிப்பாக எழும்பும்.

கண்டக்டரை விசில் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்க அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒரு வெடி போடட்டும்.